பீட்டா மேக்ஓஎஸ்ஸில் போஸ்ட்கிரெஸ் பில்ட் ஆகாவிட்டால்

மேக்ஓஎஸ் பீட்டா (சோதனைப் பதிப்பு) போட்ட மறுநாள், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை மூலநிரலிலிருந்து உருவாக்கும் பில்ட் பாதியில் நின்றுவிட்டதா? திரையின் அடியில் கிடக்கும் "எர்ரர் 2" வரியை விட்டுத்தள்ளுங்கள். உள்ளே ஏதோ ஒன்று தோற்றுவிட்டது என்று மேக் சொல்கிறது, அவ்வளவுதான். (கணினியைச் சொல்லவில்லை, பில்டை ஓட்டும் கட்டளையைச் சொல்கிறேன். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுகிறது.) எட்டு வேலைகளை ஒரே சமயத்தில் ஓடவிடுவது என் பழக்கம். ஒருமுறை உண்மையான பிழை எங்கோ மேலே புதைந்து கிடக்க, கடைசி வரியையே கட்டிக்கொண்டு ஒரு மாலை முழுக்க உட்கார்ந்திருந்தேன்.

இப்போதெல்லாம் முதல் வேலை மேக் டிஸ்ட்கிளீன், அதாவது பழைய பில்டின் மிச்சங்களைத் துடைப்பது. பழைய எஸ்டிகேவை (ஆப்பிள் தரும் ஹெடர், லைப்ரரித் தொகுப்பு) பார்த்து, கணினியில் என்னென்ன இருக்கிறது என்று சோதிக்கும் கான்ஃபிகர் எழுதிவைத்த பதில்கள் அப்படியே தங்கியிருக்கும், அவை போகவேண்டும். பிறகு கான்ஃபிகர், அப்புறம் ஒற்றை வேலையாக மேக். வெளியீடு முழுவதும் ஒரு ஃபைலுக்குள் போகட்டும். அதில் "எர்ரர்:" முதன்முதலில் வரும் இடத்தில் வாசிக்கத் தொடங்குங்கள்.

அடுத்து மூன்று எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: ஓடுகிற ஓஎஸ் எது, ஆப்பிளின் நிரலாக்கக் கருவியான எக்ஸ்கோடோடு வந்த எஸ்டிகே எது, டெப்ளாய்மென்ட் டார்கெட் (பில்ட் ஓடவேண்டிய மிகப் பழைய ஓஎஸ்) எது. சண்டை பெரும்பாலும் இந்த மூவருக்குள்தான். 2025-இல் மேக்ஓஎஸ் 15.4 வந்தபோது நடந்ததைப் பாருங்கள். ஸ்ட்ர்-சிஎச்ஆர்-நல் என்ற சின்ன ஃபங்க்ஷன் அந்தப் பதிப்பில்தான் புதிதாகச் சேர்ந்தது. கான்ஃபிகர் அதை லைப்ரரியோடு இணைத்து (லிங்க்) பார்த்தது, பெயர் கிடைத்தது, "இருக்கிறது" என்று குறித்துக்கொண்டது. டார்கெட் அதைவிடப் பழையதாக இருந்ததால், எஸ்என்பிரின்ட்எஃப்.சி ஃபைலுக்கு வந்ததும் "இது 15.4 முதல்தான் உண்டு" என்று கம்பைலர் மறுத்துவிட்டது. அதே ஃபைலில் ஒரு வரிகூட மாறியிருக்கவில்லை என்பதுதான் வேடிக்கை.

அவசரத்துக்கு, மேக்ஓஎஸ்எக்ஸ் டெப்ளாய்மென்ட் டார்கெட் என்ற சூழல் மாறியில் 15.4 என்று வைத்துக் கான்ஃபிகரிலிருந்து மறுபடி ஓட்டினால் போதும். அப்படி உருவானதைப் பழைய ஓஎஸ்ஸில் நம்பி ஓட்ட முடியாது, அதனால் வெளியே கொடுக்கிற பில்டுக்கு இதைச் செய்யாதீர்கள். முறையான திருத்தம் அந்த ஆண்டு மே மாதம் போஸ்ட்கிரெஸ் 17.5, 16.9 வெளியீடுகளோடு வந்தது. பீட்டாவில் புதிதாக ஒன்று முரண்டு பிடித்தாலும் இதே கேள்விதான்: கான்ஃபிகர் எதற்கு "ஆமாம்" சொன்னது? பதில் கான்ஃபிகர் எழுதும் கான்ஃபிக்.லாக் ஃபைலில் இருக்கும். பிழையில் வந்த பெயரை அதில் தேடுங்கள்.

சர்வர் சரியாகி, அதோடு சேர்க்கும் எக்ஸ்டென்ஷன் மட்டும் ஹெடர் ஃபைல் கிடைக்கவில்லை என்று அழுதால், பழைய எஸ்டிகேயின் பாதை உள்ளே பதிந்திருக்கிறது என்று பொருள். எக்ஸ்சிரன் கட்டளை காட்டும் புதிய பாதையைப் பிஜி-சிஸ்ரூட் என்ற மாறிக்குக் கொடுத்து மேக் ஓட்டுங்கள்.

சோதனைகளை ஓட்டும் மேக் செக் மட்டும் விழுந்தால் பீட்டாவைத் திட்டாதீர்கள். மேக்ஓஎஸ்ஸின் சிஸ்டம் இன்டெக்ரிட்டி பாதுகாப்பு, சோதனைக்குப் போகவேண்டிய லைப்ரரி பாதையை உருவிவிடுகிறது. முதலில் மேக் இன்ஸ்டால், அப்புறம் செக்.