இரண்டு கணவர்கள், ஒரு சமையலறை: வீட்டு நிகழ்ச்சிகளில் தன்பாலினத் தம்பதிகள் வரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூன்று வீடுகள், ஒரு பட்ஜெட், ஒரு தம்பதி. ஒருவருக்கு ஊருக்குள்ளேயே வேண்டும், வேலைக்கு நடந்து போக வேண்டும். இன்னொருவருக்கு நாய் ஓடியாடத் தோட்டம் வேண்டும். இருவருக்கும் நடுவில் நின்று சமாளிக்க ஒரு வீட்டுத் தரகர். அமெரிக்காவின் எச்.ஜி.டி.வி. சேனலில் 1999 முதல் ஓடிக்கொண்டிருக்கும் ‘ஹவுஸ் ஹன்டர்ஸ்’ நிகழ்ச்சியின் அச்சு இவ்வளவுதான். அந்தத் தம்பதி இரண்டு ஆண்களாக இருந்த எபிசோடுகள் அதில் எத்தனையோ உண்டு. இரண்டு பெண்களாக இருந்தவையும் உண்டு. அப்போதும் அதே மூன்று வீடுகள்தான், அதே இழுபறிதான். பின்னணிக் குரல் அதற்காகத் தொண்டையைச் செருமிக்கொள்வதில்லை.

கே ஆண்களையும் லெஸ்பியன் பெண்களையும் தொலைக்காட்சி எத்தனையோ விதமாகக் காட்டியிருக்கிறது. அதில் என் மனதுக்கு மிக நெருக்கமானது இந்தச் சாதாரணம்தான். ஆண்டுதோறும் தொலைக்காட்சியில் வரும் பால்புதுமையரை (எல்.ஜி.பி.டி.க்யூ. மக்களை) கணக்கெடுக்கும் அமெரிக்காவின் கிளாட் என்ற ஊடகக் கண்காணிப்பு அமைப்பின் அறிக்கைகூடக் கதைத் தொடர்களின் கதாபாத்திரங்களைத்தான் எண்ணுகிறது. அலமாரிக்கு எந்தக் கைப்பிடி என்று வாதாடும் நிஜத் தம்பதிகள் அந்தக் கணக்கில் வருவதில்லை. ஆனால் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், துணி மடித்துக்கொண்டே, லட்சக்கணக்கானவர்கள் பார்த்தது இவர்களைத்தான். இதைக் கெடுப்பது சுலபம். படம் பிடிப்பவர் கெடுக்கலாம், சப்டைட்டில் எழுதுபவர் கெடுக்கலாம், விமர்சனம் எழுதுபவரும் கெடுக்கலாம்.

கணவரை ‘நண்பர்’ ஆக்குவது

இதில்தான் நமக்கு நேரடிப் பங்கு இருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வீட்டுப் புதுப்பிப்பு நிகழ்ச்சியின் தமிழ் சப்டைட்டிலைச் சரிபார்க்கும் வேலை எனக்கு வந்தது. நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் அடுப்பு மேடையைத் தட்டிக் காட்டி, “இந்தக் கல் என் கணவருக்குப் பிடிக்காது” என்கிறார். திரையின் அடியில் தமிழில், “இந்தக் கல் என் நண்பருக்குப் பிடிக்காது.” அடுத்த காட்சியில் இருவரும் படுக்கையறையின் அகலத்தை அளக்கிறார்கள். அதற்கடுத்து, தத்தெடுக்கப்போகும் குழந்தைக்கு எந்த அறை என்று பேசுகிறார்கள். நண்பர்கள் இருவர் எதற்காக முப்பது வருடக் கடனில் கையெழுத்துப் போடுகிறார்கள், எதற்காகத் தொட்டில் வாங்குகிறார்கள்? தமிழில் படிப்பவருக்கு எபிசோடு முழுவதும் புரியாமல் போகும். ஒரு சொல்லைத் திருத்தியதும் எல்லாம் அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்தது.

எழுதியவரிடம் கேட்டபோது, “குடும்பமாகப் பார்ப்பார்கள், சங்கடமாக இருக்குமே” என்றார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் அந்தச் சங்கடத்தை மூலத்தில் யாரும் படவில்லை. மொழிபெயர்ப்பில் நாம்தான் புதிதாகக் கொண்டுவந்து வைத்தோம்.

‘பார்ட்னர்’ என்று அப்படியே எழுதுவதும் சரிவராது. தமிழில் பார்ட்னர் என்றால் கடையில் பங்கு போட்டவர். துணைவர், இணையர் என்ற சொற்கள் இருக்கின்றன. திருமணம் ஆனவர்கள் என்றால் கணவர், மனைவி என்று எழுதுவதே சரி. எபிசோடு எந்த ஆண்டு என்று பார்த்துக்கொள்வதும் நல்லது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் தன்பாலினத் திருமணம் 2004இல் சட்டப்படி வந்தது. அமெரிக்கா முழுவதற்கும் வந்தது உச்ச நீதிமன்றத்தின் 2015 ஜூன் தீர்ப்பால். அதற்கு முந்தைய எபிசோடில் பத்து வருடம் சேர்ந்து வாழ்ந்தவர்கள்கூட ‘துணைவர்’ என்றுதான் சொல்லியிருப்பார்கள். அந்தச் சொல்லை அப்படியே விடுங்கள். அவர்களுக்குச் சட்டம் அப்போது அவ்வளவுதான் கொடுத்திருந்தது.

‘ஓரினச்சேர்க்கையாளர்’ என்ற சொல்லைக் கைவிட்டுவிடலாம். ஒரு மனிதரின் அன்பையும் வாழ்க்கையையும் படுக்கைச் செயலாகச் சுருக்கிவிடும் சொல் அது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து தமிழ்நாடு அரசு 2022இல் வெளியிட்ட சொற்பட்டியலில் தன்பாலீர்ப்பு, பால்புதுமையர் போன்ற சொற்கள் இருக்கின்றன. கையில் இருக்கும்போது பயன்படுத்தலாமே.

நம் வீடுகளில் கணவரை “எங்க வீட்டுக்காரர்” என்று சொல்கிறோம். மனைவிக்கு இல்லாள் என்ற பெயர் உண்டு. சேர்ந்து வாழ்வதற்கே இல்லறம் என்று பெயர். வீட்டையும் துணையையும் ஒரே சொல்லில் வைத்திருக்கும் மொழி, வீட்டு நிகழ்ச்சியில் வரும் தம்பதியின் உறவைச் சொல்லத் தடுமாற வேண்டியதே இல்லை.

அவர்களையே ‘தலைப்பு’ ஆக்குவது

மறைப்பது ஒரு தவறு என்றால், மேளம் கொட்டி அறிவிப்பது அதன் உடன்பிறப்பு. தம்பதி இரண்டு பெண்கள் என்றதும் சமையலறைப் பேச்சு நின்றுவிடும். மெல்லிய பியானோ இசை வரும். “உங்கள் பெற்றோர் ஏற்றுக்கொண்டார்களா?” என்ற கேள்வி வரும். அதே நிகழ்ச்சியில் போன வாரம் வந்த தம்பதியிடம் குளியலறைக் குழாயைப் பற்றி மட்டும்தான் கேட்டிருப்பார்கள். அவர்களாகவே சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். வீடு காட்டக் கூப்பிட்டுவிட்டு சாட்சி சொல்ல வைப்பது முறையல்ல.

இதை முப்பது வருடத்துக்கு முன்பே ஒரு விளம்பரம் அழகாகச் செய்து காட்டியது. 1994இல் ஐகியா நிறுவனம் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பியது அது. இரண்டு ஆண்கள் சாப்பாட்டு மேசை வாங்க வந்திருக்கிறார்கள். ஒருவரின் ரசனையை மற்றவர் செல்லமாகக் கிண்டலடிக்கிறார். விருந்தாளிகள் வந்தால் நீட்டிக்கொள்ள ஒரு கூடுதல் பலகை சேர்த்த மேசை என்றால், சேர்ந்தே இருக்கப்போகிறோம் என்று அர்த்தம் என்கிற ரீதியில் பேச்சு போகிறது. ஒரு மரப்பலகையில் ஒரு முழு உறவும் தெரிந்துவிடுகிறது. அதே வரிசையில் விவாகரத்தான ஒரு பெண், பிள்ளையைத் தத்தெடுத்த ஒரு தம்பதி என்று மற்ற வாடிக்கையாளர்களும் வந்தார்கள். அந்த வரிசையில் இவர்களும் ஒருவர், அவ்வளவுதான். இத்தனைக்கும் அதை இரவில் நேரம் கழித்துத்தான் காட்டினார்கள். நியூயார்க் அருகே ஹிக்ஸ்வில் கடைக்கு வெடிகுண்டு மிரட்டல் வந்தது. மேசை வாங்குவதற்கே அந்த விலை. அதை நினைத்தால் ‘ஹவுஸ் ஹன்டர்ஸ்’ காட்டும் அலட்டலில்லாத சாதாரணம் எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

வீட்டுக் கதவைத் திறப்பதும் அமெரிக்காவில் எல்லோருக்கும் ஒரே மாதிரி இருந்ததில்லை. 1968இல் வந்த நியாய வீட்டுவசதிச் சட்டம் இனம், மதம் என்று பெயர் சொல்லிப் பாதுகாப்புக் கொடுத்தது. பாலீர்ப்பு அதில் எழுதப்படவில்லை. அதையும் அந்தச் சட்டத்துக்குள் சேர்த்தே படிப்போம் என்று மத்திய வீட்டுவசதித் துறை அறிவித்தது 2021இல்தான். ஆகவே, சாவியைக் கையில் வாங்கும் கடைசிக் காட்சியில் இருவரும் கட்டிக்கொண்டால் அதை வெட்டாதீர்கள். மற்ற எல்லா எபிசோடிலும் வைக்கும் காட்சிதானே.

‘யார் கணவன், யார் மனைவி?’

இந்தக் கேள்வி வாயால் கேட்கப்படுவது குறைவு. கேமரா கேட்டுவிடும். சுத்தியல் பிடித்தவரை ஒரு கோணத்தில், திரைச்சீலை பார்ப்பவரை இன்னொரு கோணத்தில் காட்டினால் போதும், கேள்வி கேட்டாயிற்று. அமெரிக்கத் தரகர்கள் குளியலறைக் கதவைத் திறந்ததும் இரட்டை வாஷ்பேசினைக் காட்டி “அவருக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று” என்று சொல்வது பழைய வழக்கம். இரண்டு ஆண்கள் எதிரில் நிற்கும்போதும் அது பழக்கதோஷத்தில் வாயில் வந்துவிடும். “இரட்டை பேசின்” என்று சொன்னால் யாருக்கும் குறையில்லை.

டெட்ராய்ட்டில் கைவிடப்பட்ட வீடுகளை மலிவாக வாங்கி, புதுப்பித்து விற்ற ‘பார்கெய்ன் பிளாக்’ நிகழ்ச்சி 2021இல் தொடங்கியது. கீத் பைனம், எவன் தாமஸ் இருவரும் வாழ்க்கையிலும் தொழிலிலும் துணைவர்கள். ஒருவர் வடிவமைப்பைப் பார்த்தால் மற்றவர் மரவேலையைப் பார்க்கிறார். அதில் யார் யார் என்று தேடவே தோன்றாது. தூசியில் இருவரும் ஒரே நிறமாக இருப்பார்கள்.

ரசனை குருவாக மட்டும் காட்டுவது

2003இல் வந்த ‘குயர் ஐ’ பெரிய வெற்றி. அதன் அமைப்பைக் கவனியுங்கள்: ஐந்து கே ஆண்கள் இன்னொருவர் வீட்டுக்குப் போய், அவருடைய சட்டையையும் சோபாவையும் சரிசெய்து, அவருடைய காதலுக்கு உதவிவிட்டுத் திரும்புகிறார்கள். அவர்களுக்கு வீட்டில் யார் காத்திருக்கிறார்கள் என்பது பெரும்பாலும் திரைக்கு வெளியே. திறமையைக் கொண்டாடிவிட்டுக் குடும்பத்தை வாசலோடு நிறுத்திவிடும் இந்தப் பழக்கம் இன்றும் போகவில்லை. கே ஆண் என்றால் வண்ணம் தெரியும், துணி தெரியும் என்ற எதிர்பார்ப்பும் கூடவே வருகிறது. சுவருக்கு எந்த வண்ணம் என்று முடிவெடுக்கத் தெரியாமல் விழிக்கும் கே தம்பதி திரையில் வரும்போது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருக்கிறது. அவர்களுக்கும் விழிக்க உரிமை உண்டு.

சரி, வடிவமைப்பாளரே தன் குடும்பத்தோடு திரையில் வந்தால் எப்படி இருக்கும்? நேட் பெர்கஸ், ஜெரமையா பிரென்ட் தம்பதியின் நிகழ்ச்சி டி.எல்.சி. சேனலில் 2017இல் தொடங்கியது. பாதியில் நின்றுபோன புதுப்பிப்பு வேலையால் நொந்துபோன குடும்பங்களுக்கு உதவப் போவார்கள். இடையிடையே அவர்கள் வீடும் வரும், சின்ன மகளும் வருவாள்.

இவர்களைப் பற்றி எழுதும்போது பலர் ஒரு விஷயத்தைத் தவறவிடுகிறார்கள், அல்லது அதை மட்டுமே பிடித்துக்கொள்கிறார்கள். பெர்கஸின் முந்தைய துணைவர் ஃபெர்னாண்டோ பெங்கோச்சியா, அர்ஜென்டினாவைச் சேர்ந்த புகைப்படக் கலைஞர். 2004 டிசம்பர் 26 அன்று இருவரும் இலங்கையின் கிழக்குக் கரையில், பொத்துவில் பக்கத்து அறுகம்குடாவில் இருந்தார்கள். சுனாமியில் பெங்கோச்சியா போய்விட்டார், பெர்கஸ் பிழைத்தார். அந்தக் காலையை நம்மில் எத்தனையோ குடும்பங்கள் அறியும், விளக்க வேண்டியதில்லை. தன் வீட்டில் பெங்கோச்சியாவின் பொருட்களுக்கு இடம் வைத்திருப்பதைப் பற்றி பெர்கஸ் பின்னாளில் பேசியிருக்கிறார். பொருள் என்பது நினைவு என்பதே அவருடைய வடிவமைப்புக் கொள்கை. இறந்தவரின் பொருள் இருக்கும் வீட்டில் புதிய கணவர், குழந்தைகள், சிந்திய பால். இதைச் சோகக் கதையாக மட்டும் எழுதினால் இன்றைய குடும்பம் காணாமல் போகும். இன்றைய குடும்பத்தை மட்டும் எழுதினால் ஒரு பெரிய துக்கத்தை ‘நண்பரை இழந்தார்’ என்று மூடிவிடுவோம். மனைவியை இழந்து மறுமணம் செய்தவரைப் பற்றி எப்படி எழுதுவோமோ அப்படி எழுதினால் போதும்.

‘காட்டவில்லை, அவ்வளவுதானே’ என்று விட்டுவிடுவது

டெக்சாஸின் வேகோ ஊரிலிருந்து சிப், ஜோவானா கெய்ன்ஸ் தம்பதி நடத்திய ‘ஃபிக்ஸர் அப்பர்’ எச்.ஜி.டி.வி.யின் பெரிய வெற்றிகளில் ஒன்று. அதில் ஒரு தன்பாலினத் தம்பதியைக்கூடக் காணோமே என்ற கேள்வி 2016 இறுதியில் பகிரங்கமாக எழுந்தது. எங்கள் நிகழ்ச்சி எதிலும் பாகுபாடு இல்லை என்று சேனல் பதில் சொன்னது. யாருடைய மனதில் என்ன இருந்தது என்று நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. ஆனால் வாராவாரம் ஒரு குடும்பத்துக்கு வீடு கொடுக்கும் நிகழ்ச்சியில் ஒரு வகைக் குடும்பம் வராமலே இருந்தால், பார்ப்பவருக்கு அது ஏதோ சொல்லத்தான் செய்கிறது.

2025 ஜூலையில் கெய்ன்ஸ் தம்பதி தயாரித்த ‘பேக் டு தி ஃபிரான்டியர்’ வந்தது. மூன்று குடும்பங்கள் 1880களின் குடியேறிகளைப் போல வாழ்ந்து பார்க்கும் நிகழ்ச்சி. அதில் ஒரு குடும்பம் இரண்டு அப்பாக்களும் இரட்டை ஆண் பிள்ளைகளும். உடனே மதப் பிரமுகர்கள் சிலரின் கண்டனம் வந்தது. பேசுங்கள், கேளுங்கள், காதுகொடுங்கள் என்ற பொருளில் சிப் கெய்ன்ஸ் பதில் எழுதினார். அந்தப் பதிலை நான் மதிக்கிறேன். அவருடைய பார்வையாளர்களில் கணிசமானவர்கள் எந்தப் பக்கம் என்று தெரிந்தே எழுதினார்.

இதே 2025இல்தான் ‘பார்கெய்ன் பிளாக்’ உட்பட எச்.ஜி.டி.வி.யின் பல நிகழ்ச்சிகள் நிறுத்தப்பட்டன. காரணத்தை ஊகித்து எழுதுவதும் ஒரு தவறு, அதில் நான் இறங்கவில்லை. ஒரு நிகழ்ச்சி வந்ததும் ‘எல்லாம் மாறிவிட்டது’ என்று எழுதிவிடுகிறோமே, அதைத்தான் சொல்கிறேன்.

இன்னொன்றும் உண்டு: திரையில் வரும் தன்பாலினத் தம்பதி என்றாலே பெரும்பாலும் வசதியான, வெள்ளைக்கார, உடற்பயிற்சி செய்த இரண்டு ஆண்கள். ஹட்சன் பள்ளத்தாக்கில் பெண் தம்பதி நடத்திய ‘ஸ்மால் டவுன் பொட்டென்ஷியல்’ 2023இல்தான் வந்தது. வாடகை வீட்டில் இருப்பவர்கள், வயதானவர்கள், சக்கர நாற்காலிக்குச் சரிவுப்பாதை போட வேண்டியவர்கள் இன்னும் குறைவு. ஆள் தேர்வு செய்பவர்கள் இதை முதல் நாளே பட்டியலில் எழுதி வைத்துக்கொண்டு தேட வேண்டும். தானாக வந்து சேராது.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். படப்பிடிப்புக்கு முன் வீட்டை ஒழுங்கு செய்யும்போது சுவரிலிருக்கும் குடும்பப் படங்களைக் கழற்றுவது வழக்கம். விற்பனைக்கு வரும் வீடு என்றால் எல்லோருடைய படமும் இறங்கும், அதில் தப்பில்லை. அவர்கள் வாழப்போகும் வீடு என்றால், திறப்பு நாளன்று மற்றத் தம்பதிகளின் கல்யாணப் படத்தை எங்கே மாட்டுவீர்களோ, இவர்களுடையதையும் அங்கேயே மாட்டுங்கள். கேமரா அதன் மேல் நிற்கவும் வேண்டாம், அதைத் தாண்டி ஓடவும் வேண்டாம்.