கார்புரேட்டரில் பெட்ரோல் ஒழுகுதா? ஸ்பானரை எடுக்கும் முன்

தைப்பூசத்துக்கு இரண்டு நாள் இருக்கும். தேங்காய் மூட்டை ஏற்றிக்கொண்டு பினாங்குப் பாலத்து நெரிசலில் நின்றபோது, எங்கள் பழைய டொயோட்டா லைட் ஏஸ் லோரியில் பெட்ரோல் வாடை குப்பென்று அடித்தது. இந்த ரக லோரியில் எஞ்சின் இருப்பதே சீட்டுக்கு அடியில்தான். நான் செய்த முதல் தவறு, ஜன்னலை இறக்கிவிட்டுத் தண்ணீர்மலை முருகன் கோயில் வரைக்கும் ஓட்டிப் போனது. இதிலிருக்கும் டொயோட்டா கே வரிசை எஞ்சினில் காற்று உள்ளே போகும் இன்டேக், புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் இரண்டும் ஒரே பக்கம். பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரிலிருந்து சொட்டுவது, கொதிக்கிற எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு என்ற புகைக்குழாய் மேல்தான் விழும். வாடை வந்தால் ஓரங்கட்டி நிறுத்துங்கள். தேங்காய் காத்திருக்கும்.

வீடு வந்து சீட்டைத் தூக்கினால் கார்புரேட்டரின் அடிப்பாகம் முழுக்க ஈரம். உடனே கை ஸ்குரூ டிரைவரைத் தேடியது. அது இரண்டாவது தவறு. மேல்மூடியின் ஸ்குரூக்கள் மென்மையான அலாய் உலோகத்தில் இறங்குகின்றன. பலம் போட்டு முறுக்கினால் மரை போகும், மூடி வளையும், அப்புறம் இடுக்கை அடைக்கும் கேஸ்கெட்டைப் புதிதாகப் போட்டாலும் அடையாது. ஒரு பட்டறையில் இதே மூடியில் சிலிக்கோன் பசையைப் பூசித் தந்தார்கள். பெட்ரோல் பட்டால் அந்தப் பசை ஊறி, பிய்ந்து, துணுக்குத் துணுக்காக, பெட்ரோலை அளந்து விடும் ஜெட் துவாரத்துக்குள் போய் உட்காரும். ஒழுகலோடு எஞ்சின் இழுக்காத நோயும் சேர்ந்துகொண்டது.

ஈரமாக இருக்கும் இடமும் ஒழுகும் இடமும் ஒன்றாக இருப்பது குறைவு. பெட்ரோல் மேலே கசிந்து, உடம்பு வழியாக இறங்கி, கீழே சொட்டாகத் தொங்கும். எஞ்சின் ஆறிய பிறகு எல்லாவற்றையும் துணியால் துடைத்து, ஏர் ஃபில்டரை மூடியபடியே வைத்துக்கொண்டு, குழந்தைக்குப் பூசும் பவுடரை வெளிப்பக்கம் ஒற்றிவிடுங்கள். டேஷ்போர்டில் இருந்த திருநீற்றையே எடுத்துப் பூசினான் என் தம்பி, அதுவும் வேலை செய்தது. எஞ்சினை ஓடவிட்டால் வெள்ளையில் ஈரக்கோடு எங்கே தொடங்குகிறதோ அங்கேதான் கோளாறு. ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது மட்டும் கோடு விழுந்தால் அப்போது கூடுதல் பெட்ரோலைப் பீய்ச்சும் ஆக்சிலரேட்டர் பம்ப் பக்கம் பாருங்கள்.

இந்த எஞ்சினில் வரும் ஐசான் கார்புரேட்டரில் ஒரு வசதி உண்டு. பெட்ரோல் நிற்கும் கிண்ணத்தின் பக்கத்தில் சின்ன வட்டக் கண்ணாடி வைத்திருப்பார்கள். எஞ்சின் ஓடும்போது மட்டம் அதன் நடுவில் நிற்க வேண்டும். நடுவில் நின்றும் வெளியே ஈரமென்றால் கேஸ்கெட், ஹோஸ், பெட்ரோல் வரும் போல்ட்டின் வாஷர் என்று தேடலாம். கண்ணாடி முழுக்க மூழ்கிக் கிடந்தால் அது ஒழுகல் இல்லை, வழிதல். உள்ளே மிதக்கும் ஃப்ளோட்டோ, அது தூக்கிப் பெட்ரோல் வாயை மூடும் நீடில் என்ற ஊசியோ அடைக்கவில்லை. வழிகிற பானைக்கு வெளியே பூசி என்ன பயன்?

மூடியைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்தால் ஃப்ளோட்டின் கனத்திலேயே நீடில் அடைபடும். பெட்ரோல் வரும் வாயில் சுத்தமான புது ஹோஸ் துண்டைச் செருகி, வாயால் மெல்ல ஊதுங்கள். காற்று போகக்கூடாது. போனால் நீடிலின் நுனியைப் பாருங்கள், தேய்ந்து வளையம் விழுந்திருக்கும். நீடிலை மட்டும் மாற்றிவிட்டு, அது போய் அடைக்கும் துளையான பழைய சீட்டை விட்டுவைப்பது கஞ்சத்தனம், இரண்டும் ஜோடியாகத்தான் தேய்கின்றன. பித்தளை ஃப்ளோட் என்றால் காதோரம் குலுக்குங்கள், உள்ளே சலசலத்தால் ஓட்டை. சந்தேகமென்றால் அடுப்பிலிருந்து இறக்கிய வெந்நீரில் அமிழ்த்துங்கள், குமிழி வருமிடம் தெரிந்துவிடும்.

சுத்தம் செய்யும்போதுதான் நல்ல கார்புரேட்டரே கெட்டுப்போகிறது. ஜெட் துவாரத்தில் கம்பி விட்டுக் குடைந்தால் அளவு பெரிதாகிவிடும். டயாஃப்ரம் என்ற ரப்பர் சவ்வோடு மொத்தத்தையும் தின்னரில் ஊறப்போட்டால் ரப்பர் உப்பிப்போகும். ஃப்ளோட் உள்ளே இருக்கும்போதே கம்ப்ரஸர் காற்றை அடித்தால் அது நசுங்கும். பிறகு திரும்ப மாட்டும்போது, கார்புரேட்டருக்கு அடியில் இருக்கும் தடித்த கறுப்புத் துண்டைப் ‘பழைய கேஸ்கெட்’ என்று தூக்கிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது சூட்டைத் தடுக்கத்தான் இருக்கிறது. இல்லாவிட்டால், நம் ஊர் வெயிலில் வண்டியை நிறுத்திய சில நிமிடத்தில் கிண்ணத்துப் பெட்ரோல் கொதித்து உள்ளே சொட்டும்.

டேங்கிலிருந்து பெட்ரோலை இழுத்துத் தரும் பம்ப் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பழைய மெக்கானிக்கல் பம்ப் 3 முதல் 5 பிஎஸ்ஐ அழுத்தத்தில் தள்ளும். ‘மலிவாகக் கிடைத்தது’ என்று கார்புரேட்டர் இல்லாத இன்ஜெக்ஷன் காரின் எலக்ட்ரிக் பம்பை மாட்டினால் அது 40 பிஎஸ்ஐ அளவில் தள்ளும். எந்த நீடிலும் தாங்காது. ஹோஸும் அப்படித்தான். மீன் தொட்டிக்குப் போடும் வெள்ளைக் குழாய் எஞ்சின் சூட்டில் விறைத்துச் சீக்கிரமே வெடிக்கும். பெட்ரோலுக்கென்றே விற்கும் ரப்பர் ஹோஸ் கேட்டு வாங்குங்கள்.

வேலை தொடங்கும் முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட வேண்டும். கிண்ணத்தில் இருப்பதை பிளாஸ்டிக் பேசினில் வடிக்காமல் மைலோ டின்னில் வடியுங்கள், பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் சேரும். பவுடர் தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். சிகரெட்டைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் என் பக்கத்து வீட்டு அண்ணனுக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

எல்லாம் முடிந்து எஞ்சினைக் கிளப்பும் முன் ஆயில் குச்சியை உருவி மோந்து பாருங்கள். வழிந்த பெட்ரோல் சிலிண்டர் வழியாகவோ, பம்பின் டயாஃப்ரம் கிழிந்தோ எஞ்சின் ஆயிலில் கலந்திருக்கலாம். எங்கள் லோரியில் ஆயில் மட்டம் குறிக்கு மேலே ஏறி, தண்ணீர் மாதிரி ஓடியது. ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றின பிறகுதான் சாவியைத் திருப்பினோம்.