தலையில் அடிபட்ட பிள்ளையை அன்றைக்கே திரும்ப ஆடவிடாதீர்கள்

"மாமா, மேட்ச் எத்தனைக்கு எத்தனை?"

காலி வீதியில் ஓட்டோ வெள்ளவத்தையைத் தாண்டுவதற்குள் என் அக்காவின் மகன் இதை மூன்று தடவை கேட்டான். முதல் தடவை சொன்னேன். வாகனச் சத்தத்தில் காதில் விழவில்லையாக்கும் என்று இரண்டாவது தடவையும் சொன்னேன். மூன்றாவது தடவை முகத்தைத் திருப்பிப் பார்த்தபோதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. அன்று பின்னேரம் றக்பி ஆட்டத்தில் எதிரணிப் பையன் ஒருவனின் முழங்கால் அவன் காதுக்கு மேலே பட்டிருந்தது. விழுந்தவன் தானாகவே எழும்பினான். போத்தலோடு ஓடிப்போனவர்கள் முகத்தில் தண்ணீர் அடித்து, விரலைக் காட்டி "எத்தனை?" என்று கேட்டார்கள். "ரெண்டு" என்றான். எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். கடைசி விசில் வரைக்கும் ஆடினான்.

அவனுக்கு வந்தது கன்கஷன், தமிழில் மூளை அதிர்ச்சி. அடிபட்ட வேகத்தில் மண்டையோட்டுக்குள் மூளை குலுங்கி, சில நாளைக்கு அதன் வேலை தடுமாறும். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் அநேகமான பிள்ளைகள் சில வாரங்களில் தேறிவிடுவார்கள். அவனும் தேறினான். ஆனால் முதல் அடி ஆறுவதற்குள் இரண்டாவது அடி விழுந்தால், அரிதாக மூளை மளமளவென்று வீங்கி உயிரே போய்விடலாம். அதற்கு அதிகம் ஆளாகிறவர்கள் இளம் வயதினர்தான். அதனால்தான் அன்றைக்கே திரும்ப ஆடவிடுவதை எல்லாத் தவறுகளுக்கும் மேலே வைக்கிறேன்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 2006இல் ஸக்கரி லிஸ்டெட் என்ற 13 வயதுப் பையன் பாடசாலை அமெரிக்க ஃபுட்போல் ஆட்டத்தில் தலை நிலத்தில் மோத விழுந்தான். கொஞ்ச நேரம் உட்கார வைத்துவிட்டு இரண்டாம் பாதியில் மறுபடி இறக்கினார்கள். ஆட்டம் முடிந்த கையோடு சரிந்து விழுந்தான். மூளைக்குள் இரத்தக்கசிவு. உயிர் தப்பியது, ஆனால் பேசவும் நடக்கவும் அவன் முதலிலிருந்து பழக வேண்டியிருந்தது. 2009இல் அவன் பெயரைச் சொல்லும் சட்டம் அங்கே வந்தது. 2014க்குள் 50 மாநிலங்களும் அதே மாதிரிச் சட்டங்களை இயற்றிவிட்டன.

அந்தச் சட்டம் கேட்பது மூன்றே விஷயம். ஒவ்வொரு வருடமும் பிள்ளையும் பெற்றோரும் தலைக்காயம் பற்றிய தகவல் தாளைப் படித்துக் கையெழுத்திட வேண்டும். மூளை அதிர்ச்சி என்று சந்தேகம் வந்தாலே பிள்ளையை உடனே வெளியே எடுக்க வேண்டும். இதில் பயிற்சி பெற்ற, உரிமம் உள்ள மருத்துவத் துறையினர் ஒருவர் எழுத்தில் அனுமதி தரும்வரை திரும்ப இறக்கக் கூடாது. 'சந்தேகம்' என்ற சொல்லைக் கவனியுங்கள். பயிற்றுநர் நோயைக் கண்டுபிடிக்கத் தேவையில்லை, சந்தேகப்பட்டால் போதும். ஆடவேண்டும் என்று துடிக்கிற பிள்ளை, வெல்லவேண்டும் என்று நிற்கிற கோச், கரையில் நின்று கத்துகிற நாங்கள், இந்த மூன்று பேரின் கையிலிருந்தும் அந்த முடிவைச் சட்டம் எடுத்துவிட்டது.

நமது இலங்கையில் பாடசாலைப் பிள்ளைகளின் தலைக்காயத்துக்கென்று அப்படியொரு தனிச் சட்டம் இல்லை. 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டம் விளையாட்டை வளர்ப்பதையும் சங்கங்களை ஒழுங்குபடுத்துவதையும் பற்றியது. "சட்டம் இல்லைதானே" என்று விட்டுவிடுவது அடுத்த தவறு. சந்தேகம் வந்தால் வெளியே எடு என்பதுதான் உலக றக்பி அமைப்பின் விதியும். அதைக் கிரிக்கெட்டுக்கும் வலைப்பந்துக்கும் இல்ல விளையாட்டுப் போட்டிக்கும், ஏன், இடைவேளையில் மாடிப்படியில் விழுகிற பிள்ளைக்கும் வைத்துக்கொள்ள யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை.

இன்னொன்று, அந்தக் கையெழுத்துத் தாளை நம் ஊர் அனுமதிக் கடிதத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. 'ஏதும் நடந்தால் பாடசாலை பொறுப்பல்ல' என்ற கடிதத்தில் நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். தலையில் அடிபட்டால் எதைப் பார்க்கவேண்டும் என்று அதில் ஒரு வரிகூட இருக்கவில்லை. வாஷிங்டன் தாள் பெற்றோருக்கு அறிவைக் கொடுக்கிறது, நம் கடிதம் பொறுப்பைக் கைகழுவுகிறது.

அப்புறம், "மயங்கி விழவில்லையே" என்ற பேச்சு. மூளை அதிர்ச்சி வந்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் மயங்குவதே இல்லை. விரல் எண்ணச் சொல்வதாலும் பிரயோசனமில்லை. இது எந்த மைதானம், இப்போது எந்தப் பாதி, கடைசியாக ஸ்கோர் பண்ணியது யார், போன மேட்ச் வென்றோமா என்று கேளுங்கள். ஒரு பதில் தடுமாறினாலே ஆட்டம் போதும். எல்லாம் சரியாகச் சொன்னாலும், பிள்ளை வெறித்துப் பார்த்தால், தள்ளாடினால், தலையிடி என்றால், அப்போதும் ஆட்டம் போதும். அறிகுறி பிந்தியும் வரும். 2019 ஆகஸ்டில் லோர்ட்ஸ் மைதானத்தில் அவுஸ்திரேலியக் கிரிக்கெட் வீரர் ஸ்டீவ் ஸ்மித்தின் கழுத்தில் பந்து பட்டதை நம்மில் பலர் டிவியில் பார்த்தோம். மருத்துவர் பார்த்த பிறகு அவர் திரும்பவும் வந்து துடுப்பெடுத்தாடினார். அடுத்த நாள் காலைதான் அறிகுறி தெரிந்து விலகினார். அவருக்குப் பதிலாக இறங்கிய லபுஷேன்தான் டெஸ்ட் வரலாற்றில் முதலாவது கன்கஷன் மாற்று வீரர்.

"எனக்கு ஒன்றுமில்லை சேர்" என்று பிள்ளை சொல்வதை நம்புவதும் தவறுதான். பாடசாலை தரும் கலர்ஸ் விருது போய்விடும், பிக் மேட்ச் டீமில் இடம் போய்விடும் என்ற பயம் அந்த வாயில் இருக்கிறது. கனடாவில் ரோவன் ஸ்ட்ரிங்கர் என்ற 17 வயதுப் பெண், தன் பாடசாலை றக்பி அணித் தலைவி, 2013இல் ஒரே வாரத்துக்குள் பலமுறை தலையில் அடிபட்டு இறந்துபோனாள். தனக்குக் கன்கஷனாக இருக்குமோ என்று அவள் போனில் தேடிப் பார்த்திருந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது. ஒன்டாரியோ மாகாணம் 2018இல் அவள் பெயரில் சட்டம் கொண்டுவந்தது. அந்தத் தேடலை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது. பிள்ளைக்குச் சந்தேகம் வந்திருக்கிறது, சொல்வதற்குத்தான் ஆளில்லை.

சரி, வீட்டுக்கு வந்தாயிற்று. தைலம் பூசிவிட்டு, பிள்ளையைத் தூங்கவே விடாமல் விடிய விடிய எழுப்பிக்கொண்டிருப்பார்கள். மருத்துவர் பார்த்து ஆபத்து அறிகுறி இல்லை என்றால் தூங்கலாம், தூக்கம் நல்லது. முதல் இரண்டு நாளைக்கு அஸ்பிரின், இபுபுரோஃபென் வேண்டாம். தேவைப்பட்டால் பரசிட்டமோல் போதும். "ஸ்கேன் நோர்மல், அப்போ ஆடலாம்" என்பதும் பிழையான கணக்கு. சிடி ஸ்கேன் இரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும் காட்டும், மூளை அதிர்ச்சியைக் காட்டாது.

ஆனால் தலையிடி கூடிக்கொண்டே போனால், திரும்பத் திரும்பச் சத்தி எடுத்தால், வலிப்பு வந்தால், எழுப்ப முடியாத அளவுக்கு அசந்தால், கைகால் விறைத்தால், பொருள்கள் இரண்டாகத் தெரிந்தால், ஒரு நிமிடமும் யோசிக்காதீர்கள். 1990க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். கழுத்து நோகிறது என்றால் அது வரும்வரை பிள்ளையை அசைக்கவோ ஹெல்மெட்டைக் கழற்றவோ கூடாது. கொழும்பில் சின்னப் பிள்ளைகளுக்குப் பொரளை சீமாட்டி றிட்ஜ்வே வைத்தியசாலை, பெரியவர்களுக்குத் தேசிய வைத்தியசாலையின் விபத்துப் பிரிவு.

திரும்பி ஆடுவதற்கு எவ்வளவு நாள்? பிரிட்டன் 2023இல் வெளியிட்ட வழிகாட்டலில் போட்டிக்குத் திரும்பக் குறைந்தது 21 நாள். அவுஸ்திரேலியாவின் வழிகாட்டலும் பிள்ளைகளுக்கு 21 நாள் என்கிறது, அதோடு மோதல் உள்ள பயிற்சிக்கு முன்னால் 14 நாள் எந்த அறிகுறியும் இல்லாமல் இருந்திருக்க வேண்டும் என்கிறது. முதல் 24 முதல் 48 மணி நேரம் ஓய்வு, ஆனால் இருட்டறையில் பூட்டிவைக்கிற ஓய்வு இல்லை. மெதுவாக நடக்கலாம், போனைக் குறைக்க வேண்டும். பிறகு மெல்லிய ஓட்டம், மோதலில்லாத பயிற்சி, மருத்துவர் அனுமதி, கடைசியாகப் போட்டி. ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள்.

கொழும்பில் நாம் மறப்பது வகுப்பை. மைதானத்துக்குப் போகாமல் தடுத்துவிட்டு, அதே கிழமை மூன்று டியூஷனுக்கு அனுப்புவோம். முழுமையாக ஆடுவதற்கு முன்னால் பிள்ளை முழுமையாகப் படிக்கத் திரும்பியிருக்க வேண்டும், அதுவும் படிப்படியாக. மருமகன் இரண்டாவது கிழமை கணிதக் கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரே சமன்பாட்டை நான்கு தரம் எழுதி அழித்தான். அவன் அம்மா சோம்பல் என்று ஏசினாள். அக்காவைக் குறை சொல்லவில்லை, சாதாரண தரப் பரீட்சைக்கு ஆறு மாதம்தான் இருந்தது. வகுப்பாசிரியருக்கு ஒரு கடிதம் கொடுத்து, ஒப்படைகளுக்கு அவகாசம் வாங்கி, டியூஷனை நிறுத்திய பிறகுதான் தலையிடி விட்டது.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் அதிபரிடம் இதைக் கேளுங்கள்: தலையில் அடிபட்ட பிள்ளையை வெளியே எடுக்கும் அதிகாரம் மைதானத்தில் யாருக்கு இருக்கிறது? ஒரு பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். அவர் அணியின் கோச்சாக இருக்கக் கூடாது. அவர் வர முடியாத நாளில் யார் என்றும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.