ஏ.ஐ. தலைவர்களின் பேச்சை எடைபோடுவது எப்படி? ஒரு ஆடிட்டரின் வழி

ஒருவரை நம்பலாமா என்று கேட்டால் ஆடிட்டர் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்வதில்லை. காசோலையில் யார் கையெழுத்துப் போடுகிறார், அதை யார் தடுக்க முடியும் என்று பார்ப்போம். ஏ.ஐ. நிறுவனத் தலைவர்கள் பேசும்போதும் நான் அதையேதான் பார்க்கிறேன். ஆள் நல்லவரா என்று தெரிந்துகொள்ள எனக்கும் வழியில்லை, உங்களுக்கும் வழியில்லை.

முதலில் பணம் யாருடையது, அது வந்த பிறகு என்ன மாறியது என்று தேடுங்கள். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ 2015இல் லாபநோக்கற்ற அமைப்பாகத் தொடங்கியது. 2019இல் அதன் கீழ் லாபம் பார்க்கும் பிரிவு வந்தது. முதல் முதலீட்டாளர்களுக்குப் போட்ட பணத்துக்கு 100 மடங்கு வரைதான் திரும்பக் கிடைக்கும் என்று வரம்பும் வைத்தார்கள். (100 மடங்கை வரம்பு என்று சொன்னதே எனக்குச் சிரிப்புதான்.) அதே ஆண்டு மைக்ரோசாப்ட் 100 கோடி டாலர் போட்டது. 2025 அக்டோபரில் கட்டமைப்பு மாறியபோது அந்த வரம்பும் போய்விட்டது.

அடுத்து, தலைவரை நீக்கும் அதிகாரம் யாரிடம் என்று பாருங்கள். அது காகிதத்தில் இருந்தால் மட்டும் போதாது. 2023 நவம்பர் 17 அன்று ஓபன்ஏஐயின் இயக்குநர் குழு, தலைமைச் செயல் அதிகாரி சாம் ஆல்ட்மேனை நீக்கியது. தங்களிடம் அவர் எப்போதும் ஒளிவுமறைவின்றிப் பேசவில்லை என்றது குழு. ஊழியர்கள் தங்கள் பங்குகளைப் பெரிய விலைக்கு விற்கும் ஏற்பாடு அப்போது நடந்துகொண்டிருந்தது, அவர் போனால் அது கெட்டுவிடலாம் என்ற நிலை. சுமார் 770 ஊழியர்களில் 700க்கும் மேற்பட்டோர், அவரைத் திரும்ப அழைக்காவிட்டால் மைக்ரோசாப்டுக்குப் போய்விடுவோம் என்று கையெழுத்திட்டார்கள். சில நாட்களிலேயே அவர் திரும்பிவிட்டார். நீக்கியவர்களில் பெரும்பாலோர் வெளியேறினார்கள். நீக்கியது சரியா தவறா என்பது வேறு விவாதம். சட்டப்படி இருந்த அதிகாரம் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை என்பதுதான் நான் குறித்துக்கொள்ளும் விஷயம்.

வாக்குறுதிகளுக்கு ஒரு நோட்டு வையுங்கள். தேதி, சொன்னது, அளவு, சரிபார்ப்பவர் என்று நான்கு பத்திகள் போதும். உதாரணமாக, 2023 ஜூலையில் ஓபன்ஏஐ, அதுவரை தன்னிடம் சேர்ந்த கணினித் திறனில் 20 சதவீதத்தை நான்கு ஆண்டுகளுக்குப் பாதுகாப்பு ஆய்வுக்கு ஒதுக்குவதாக அறிவித்தது. அளவும் காலமும் உள்ள, அருமையான பதிவு. நான்காவது பத்திதான் காலி. 2024 மே மாதம் அந்த ஆய்வுக்காக அமைத்த குழுவின் தலைவர்கள் இருவரும் விலகினார்கள், குழுவும் கலைந்தது. அவர்களில் ஒருவரான யான் லைக்கே, கணினித் திறன் கிடைக்கவே போராட வேண்டியிருந்தது என்று வெளிப்படையாக எழுதினார்.

பேச்சு மாறினால் எந்தப் பக்கம் மாறுகிறது என்று கவனியுங்கள். சக்திவாய்ந்த ஏ.ஐ.க்கு உரிமம் வழங்க ஒரு அமைப்பு வேண்டும் என்று 2023 மே மாதம் அமெரிக்க செனட் குழு முன் சொன்னவர் ஆல்ட்மேன். வெளியிடும் முன் அரசின் அனுமதி வாங்க வேண்டும் என்பது பெரும் கேடு என்று 2025 மே மாதம் இன்னொரு செனட் குழு முன் சொன்னவரும் அவரே. ஆயுதங்களுக்கு ஏ.ஐ. செய்யமாட்டோம் என்று 2018இல் எழுதிவைத்த கூகுள், 2025 பிப்ரவரியில் அந்த வரியை எடுத்துவிட்டது. மனம் மாறுவது குற்றமில்லை, சரி. ஆனால் ஒவ்வொரு முறையும் வருமானம் இருக்கும் பக்கமே மாறினால் அதையும் குறித்துவையுங்கள்.

பாதுகாப்பே எங்கள் அடையாளம் என்பவர்களுக்கும் இதே நோட்டுதான். ஓபன்ஏஐயிலிருந்து விலகியவர்கள் 2021இல் தொடங்கிய, கிளாட் என்ற ஏ.ஐ.யை உருவாக்கும் ஆந்த்ரோபிக்கில் அமேசானும் கூகுளும் பணம் போட்டிருக்கின்றன. நிறுவனத்தில் பங்கு இல்லாத அறங்காவலர்கள் இயக்குநர்களைத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாடு அங்கே உண்டு, நல்லதுதான். ஆனால் முதலீட்டாளர்கள் எதிர்த்து நிற்கும் நாளில் அது தாங்குமா என்பது கேள்வி. அவர்களுடைய பாதுகாப்புக் கொள்கையும் அவர்களே எழுதி, அவர்களே திருத்துவது.

கடைசியாக, வெளியேறியவர்களைக் கேளுங்கள். ஏ.ஐ. ஆய்வின் முன்னோடிகளில் ஒருவரான ஜெஃப்ரி ஹின்டன், அதன் ஆபத்துகளைப் பற்றித் தடையில்லாமல் பேசுவதற்காக 2023இல் கூகுளை விட்டார். அதே நேரம் கூகுள் பொறுப்பாகவே நடந்துகொண்டது என்றும் சொன்னார். இப்படி இரண்டு பக்கமும் சொல்பவருக்கு நான் கூடுதல் மதிப்பெண் போடுவேன். முன்னாள் ஊழியர்கள் வாய்திறக்கவில்லையே என்பதை நற்சான்றாக எடுக்காதீர்கள். நிறுவனத்தைக் குறைசொல்லமாட்டேன் என்று கையெழுத்துப் போடாவிட்டால் சம்பாதித்த பங்குகளே போய்விடலாம் என்ற ஒப்பந்தங்கள் ஓபன்ஏஐயில் இருந்தது 2024 மே மாதம்தான் வெளியே வந்தது. அப்புறம்தான் நிறுவனம் அந்த நிபந்தனையைக் கைவிட்டது.