மத்திய அமெரிக்காவோட சின்ன நீராவி இன்ஜின் யார் கட்டினது, எந்த வருஷம்னு கண்டுபிடிக்கிறது எப்படி

குவாத்தமாலா, எல் சால்வடோர், ஹோண்டுராஸ் பக்கம் வாழைப்பழமும் காபியும் இழுத்துட்டு ஓடின சின்ன இன்ஜின்களோட போட்டோ நெட்ல நிறைய கிடைக்குது, ஆனா கூட போட்டிருக்கிற விவரத்தை அப்படியே நம்பிடாதீங்க. டெண்டர்ல, அதாவது இன்ஜின் பின்னாடி எரிபொருளும் தண்ணியும் வச்சிருக்கிற வண்டியில எழுதின நம்பரையும் பெயின்ட்டையும் பார்த்து முடிவு பண்றதுதான் எல்லா குழப்பத்துக்கும் காரணம். கம்பெனி கை மாறினா நம்பர் மாறும், பெயின்ட் எத்தனை தடவை வேணா மாறும், இரும்புல இருக்கிற அடையாளம் அவ்வளவு சீக்கிரம் மாறாது.

முதல்ல கேஜ் பாருங்க. ரெண்டு தண்டவாளத்தோட உள்பக்க விளிம்புக்கு நடுவுல அளக்கணும், நடுவுக்கு நடு அளந்தா கணக்கு தப்பிடும். குவாத்தமாலாவும் எல் சால்வடோரும் 3 அடி, அதாவது 914 மில்லிமீட்டர், நம்ம மீட்டர் கேஜை விட கொஞ்சம் குறுகல். கோஸ்டா ரிகா, நிகரகுவா ரெண்டும் 1067. ஹோண்டுராஸ்லதான் கவனம் வேணும், டேலா பக்கம் யுனைடெட் ஃப்ரூட்ங்கிற வாழைப்பழ கம்பெனியோட லைன் 1067, லா செய்பா பக்கம் ஸ்டாண்டர்ட் ஃப்ரூட்ங்கிற இன்னொரு வாழைப்பழ கம்பெனியோட லைன் 914, ஒரே கரையோரத்துல ரெண்டு கேஜ். பனாமாவுல கடலுக்கு கடல் போன மெயின் லைன் அந்த காலத்துல 5 அடி அகலம், அது இந்தக் கதையிலயே சேராது. ஆக கேஜை அளந்தாலே எந்த நாடு எந்த கம்பெனின்னு பாதி தெளிவாயிடும்.

அடுத்து சக்கரம் எண்ணுங்க. முன்னாடி சின்ன சக்கரம், நடுவுல ராடால இணைச்ச பெரிய சக்கரம், பின்னாடி சின்ன சக்கரம்னு ரெண்டு பக்கமும் சேர்த்து எண்ணணும். 2-8-0 வந்தா கன்சாலிடேஷன், 2-8-2 வந்தா மிக்காடோ. குவாத்தமாலாவுல புவேர்ட்டோ பாரியோஸ் துறைமுகத்துல, அதாவது கடல் மட்டத்துல ஆரம்பிச்சு தலைநகருக்கு சுமார் 1500 மீட்டர் உயரம் ஏறணும், வளைவும் ஜாஸ்தி, அதனால வேகத்தை விட இழுவைதான் முக்கியம், சின்ன விட்டத்துல எட்டு சக்கரம் வச்ச இன்ஜின்கள் அங்க நிறைய போனதுக்கு காரணம் இதுதான்.

இப்போதான் முக்கியமான இடம், பில்டர் பிளேட், அதாவது கட்டின கம்பெனி மாட்டின தகடு. ஸ்மோக்பாக்ஸ், அதாவது பாய்லர் முன்னாடி புகைபோக்கிக்கு கீழ இருக்கிற பகுதியோட பக்கவாட்டுல பாருங்க, அமெரிக்காவோட பால்ட்வின் கம்பெனி கட்டினதுன்னா பெரும்பாலும் வட்டமான வார்ப்பு தகடு இருக்கும், ஓரம் சுத்தி கம்பெனி பேரும் ஃபிலடெல்ஃபியாவும், நடுவுல கட்டின நம்பரும் தேதியும். பெயின்ட் மேல பெயின்ட் அடிச்சு எழுத்து மழுங்கி போயிருந்தா சுரண்டாதீங்க, தயவுசெஞ்சு சுரண்டாதீங்க, டார்ச்சை பக்கவாட்டுல சாய்ச்சு பிடிச்சு போட்டோ எடுத்தா நிழல்ல எழுத்து எழும்பி வரும். நம்பர் கிடைச்சா வருஷம் ஓரளவு சொல்லிடலாம், பால்ட்வினோட 20000மாவது இன்ஜின் 1902ல, 50000மாவது 1918ல, 60000மாவது 1926ல, அந்த 60000 இன்னைக்கும் ஃபிலடெல்ஃபியா ஃபிராங்க்ளின் இன்ஸ்டிட்யூட்ல நிக்குது. (நம்ம இந்திய ரயில்வேயோட டபிள்யூபி வகை நீராவி இன்ஜின்ல முதல் 16 இன்ஜினும் 1947ல இந்த பால்ட்வின்லேருந்துதான் வந்துச்சு, அதனால எனக்கு இந்த கம்பெனி மேல தனி பாசம்.)

பிளேட்டே இல்லைன்னா மனசு விட வேண்டாம். நிறைய பிளேட்டை ஆளுங்க கழட்டிட்டு போயிட்டாங்க, ஆனா இணைப்பு ராட், வால்வ் கியர் (சிலிண்டருக்குள்ள நீராவியை விடுறதை இயக்குற அமைப்பு) பாகங்கள்ல நம்பர் அடிச்சிருக்கலாம். ஒரே ஒரு பாகத்தை மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க, ஒர்க்ஷாப்ல ஒரு இன்ஜின் ராடை இன்னொண்ணுக்கு மாட்டுறது சாதாரணம், ரெண்டு மூணு இடத்துல ஒரே நம்பர் வந்தா நம்பலாம்.

அப்புறம் அந்த நம்பரை ரெக்கார்டோட ஒப்பிடணும். டல்லாஸ்ல சதர்ன் மெதடிஸ்ட் யுனிவர்சிட்டியோட டிகோலியர் லைப்ரரியில பால்ட்வின் ஸ்பெசிஃபிகேஷன் புக்குங்க இருக்கு. அதுல கிளாஸ் கோடு ஒண்ணு வரும், உதாரணத்துக்கு 10-24-ஈ. 10ங்கிறது மொத்த சக்கரம். 24ஐ பாதியாக்கி 3 கூட்டினா 15, அது சிலிண்டர் விட்டம், இஞ்சுல. ஈன்னா ராடால இணைச்ச சக்கரம் நாலு ஜோடி, டின்னா மூணு, சின்னா ரெண்டு. ஆக இது 15 இஞ்ச் சிலிண்டர் வச்ச 2-8-0. நடுவுல கால்னு ஒரு பின்னம் வந்தா முன்னாடியும் பின்னாடியும் சின்ன சக்கரம் இருக்குன்னு அர்த்தம், 12-28 கால் ஈன்னா 17 இஞ்ச் மிக்காடோ. இது பழகிட்டா ஒரு வரியில இன்ஜினே கண்ணு முன்னாடி வந்துடும், அவ்வளவு அழகான கோடு.

புக்ல இருக்கிறது இதே இன்ஜின்தானான்னு சரிபார்க்க ஸ்ட்ரோக்கை, அதாவது சிலிண்டருக்குள்ள பிஸ்டன் ஒரு கோடியிலேருந்து மறு கோடிக்கு நகர்ற தூரத்தை அளங்க. சிலிண்டர் உள்விட்டத்தை வெளியேருந்து அளக்க முடியாது, ஆனா பெரிய சக்கரத்தோட நடு மையத்துலேருந்து ராட் மாட்டியிருக்கிற பின்னோட மையம் வரைக்கும் அளந்து ரெண்டால பெருக்கினா ஸ்ட்ரோக் வந்துடும், 10 இஞ்ச் வந்தா ஸ்ட்ரோக் 20. சக்கர விட்டம் மட்டும் புக்கை விட கொஞ்சம் குறைவா வரும், சக்கரத்தை சுத்தி இருக்கிற இரும்பு டயர் தேஞ்சிருக்கும், அதுக்கு பதற வேண்டாம்.

நாடு விட்டு நாடு போன இன்ஜினையும் மறந்துடாதீங்க. அமெரிக்காவோட கொலராடோவுல ஜார்ஜ்டவுன் லூப்ங்கிற சுற்றுலா ரயில்ல பல வருஷம் ஓடின 40, 44ங்கிற நம்பர் இன்ஜின் ரெண்டும் 1920, 1921ல குவாத்தமாலாவுலயும் எல் சால்வடோர்லயும் ரயில் ஓட்டின இன்டர்நேஷனல் ரயில்வேஸ் ஆஃப் சென்ட்ரல் அமெரிக்காவுக்காக பால்ட்வின் கட்டின கன்சாலிடேஷன். ஃப்ளோரிடா டிஸ்னி வேர்ல்ட்ல இருக்கிற நாலு நீராவி இன்ஜினையும் சிலர் இதே கணக்குல சேர்க்கிறாங்க, அது தப்பு, அதுங்க மெக்சிகோ யுகடான்ல ஓடினது, 1916லேருந்து 1928 வரைக்கும் கட்டினது, 1969ல மெரிடாவுல கண்டுபிடிச்சு வாங்கி புது பாய்லர் போட்டாங்க. அதனால பாய்லரை மட்டும் பார்த்து வயசு சொல்லாதீங்க. நேர்ல பார்க்க வாய்ப்பு கிடைச்சா குவாத்தமாலா சிட்டியில பழைய ஸ்டேஷன்லயே மியூசியம் இருக்கு, டேப்பும் டார்ச்சும் எடுத்துட்டு போங்க, தொட்டு அளக்கிறதுக்கு முன்னாடி அங்க இருக்கிறவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.