தந்தமில்லா யானை, சூறாவளிப் பல்லி: பரிணாமச் செய்திகளைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2021 அக்டோபரில் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான ஓர் ஆய்வு உலகம் முழுக்கச் செய்தியானது. மொசாம்பிக் நாட்டின் கொரொங்கோசா தேசியப் பூங்காவில் தந்தமே முளைக்காத பெண் யானைகளின் விகிதம் கூடியிருக்கிறது, அதற்குக் காரணம் தந்த வேட்டை என்றது அந்த ஆய்வு. அது செய்தியாக மாறி, பகிரப்பட்டுப் பகிரப்பட்டுக் கடைசியில் வேறொரு கதையாகிவிட்டது: வேட்டைக்காரர்களிடமிருந்து தப்பிக்க யானைகள் தந்தத்தைத் துறந்துவிட்டனவாம். படிக்க ஆறுதலாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் காட்டில் நடந்ததில் ஆறுதலுக்கு இடமே இல்லை.

பரிணாமம், சூழலியல் சார்ந்த புதிய ஆய்வுகள் இப்போது தமிழிலும் உடனுக்குடன் வருகின்றன. நல்ல விஷயம். அதனால்தான் அவற்றை எப்படித் தவறாகப் படிக்கிறோம் என்று பேச வேண்டியிருக்கிறது.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, விலங்குகள் தாமே மாறிக்கொண்டன என்று நினைப்பது. எந்த யானையும் தன் தந்தத்தை விடவில்லை. மொசாம்பிக்கில் 1977 முதல் 1992 வரை உள்நாட்டுப் போர் நடந்தது. இரு தரப்பு ஆயுதக் குழுக்களும் யானைகளைக் கொன்று தந்தத்தை விற்றுச் செலவுக்குப் பணம் தேடின. 1972இல் கொரொங்கோசாவில் 2,500க்கும் மேல் இருந்த யானைகள் 2000இல் 250க்கும் கீழே வந்துவிட்டன. பத்தில் ஒன்பது யானைகள் போய்விட்டன. போருக்கு முன்பே அங்கே பெண் யானைகளில் ஏறக்குறைய 18 சதவீதம் தந்தமில்லாமல்தான் பிறந்திருந்தன. அவற்றைச் சுட்டால் லாபம் இல்லை, ஆகவே அவை கூடுதலாகப் பிழைத்தன. அந்த 28 ஆண்டுகளில் தந்தமில்லாத பெண் யானை பிழைத்திருக்கும் வாய்ப்பு, தந்தமுள்ளதைப் போல ஐந்து மடங்குக்கும் மேல் இருந்திருக்கும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். போருக்குப் பின் எஞ்சிய பெண் யானைகளில் சுமார் பாதிக்குத் தந்தம் இல்லை. அவை ஈன்ற பெண் குட்டிகளிலும் மூன்றில் ஒன்று தந்தமில்லாமலே வளர்கிறது.

மாறியது கூட்டத்தின் விகிதம். அந்த மாற்றத்துக்கு விலை கொடுத்தவை செத்துப்போன யானைகள். வேகமான பரிணாமம் என்று எந்தச் செய்தி வந்தாலும், எத்தனை இறந்தன என்பதைத்தான் முதலில் தேடிப் பார்க்க வேண்டும். அந்த எண்ணைச் சொல்லாத செய்தி பாதிக் கதையைத்தான் சொல்கிறது.

அடுத்த தவறு, மாறியது என்றாலே மேம்பட்டது என்று எடுத்துக்கொள்வது. கொரொங்கோசாவில் தந்தமில்லாத ஆண் யானையே காணப்படவில்லை. ஷேன் கேம்ப்பெல்-ஸ்டாட்டன் தலைமையிலான ஆய்வுக் குழு இந்த இடத்தில்தான் துருவிப் பார்த்தது. தந்தமில்லாத் தன்மைக்குக் காரணமான மரபணு மாற்றம் எக்ஸ் குரோமோசோமில் இருப்பதாகவே சான்றுகள் காட்டுகின்றன. பெண் யானைக்கு இரண்டு எக்ஸ் உண்டு, ஒன்றில் மாற்றம் இருந்தாலும் இன்னொன்று காப்பாற்றிவிடும். ஆணுக்கு இருப்பது ஒன்றே ஒன்று. அதில் அந்த மாற்றம் வந்துவிட்டால் கரு பிழைப்பதில்லை. தந்தமில்லாத தாயின் ஆண் கருக்களில் சரிபாதி இப்படிப் பிறக்காமலே போகிறது. அதனால் அத்தகைய தாய்களுக்கு ஓர் ஆண் குட்டிக்கு இரண்டு பெண் குட்டிகள் என்ற கணக்கு வருகிறது. துப்பாக்கியிடமிருந்து தாயைக் காத்த அதே மரபணு அவளுடைய மகன்களைக் கொல்கிறது. இதை மேம்பாடு என்று எப்படிச் சொல்வது?

தந்தம் வெறும் அலங்காரமும் இல்லை. யானை அதை வைத்துத்தான் மரப்பட்டையை உரிக்கிறது, வறண்ட ஆற்றுப்படுகையில் தண்ணீர் தோண்டுகிறது, மண்ணைக் கிளறி உப்பு எடுக்கிறது. தோண்டிய குழியில் மற்ற விலங்குகளும் வந்து குடிக்கின்றன. கொரொங்கோசா யானைகளின் சாணத்தில் உள்ள தாவர டிஎன்ஏவைப் பார்த்தபோது, தந்தமுள்ளவையும் இல்லாதவையும் வேறு வேறு செடிகளைத் தின்பது தெரிந்தது. வேட்டை மாற்றியது யானையை மட்டும் என்று நினைக்க வேண்டாம். யானை வளைத்து உடைத்து உருவாக்கும் காட்டையும் அது மாற்றக்கூடும். செய்திகளில் இந்தப் பகுதி பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. எனக்கு இந்த ஆய்விலேயே மிக முக்கியமாகப் படுவது இதுதான்.

‘தந்தத்துக்கான மரபணு’ கண்டுபிடிக்கப்பட்டது என்றும் எழுதிவிடுகிறார்கள். இந்த ஆய்வில் மரபணுத் தொகுதி முழுமையாகப் படிக்கப்பட்ட யானைகள் இருபதுக்கும் குறைவு. அதில் பல் எனாமல் உருவாக உதவும் ஏஎம்இஎல்எக்ஸ் உள்ளிட்ட ஓரிரு மரபணுக்கள் மேல் வலுவான சந்தேகம் விழுந்திருக்கிறது, அவ்வளவுதான். மனிதர்களில் இதே பகுதி பழுதானால் மேல்வரிசை வெட்டுப்பல் வளர்ச்சி குன்றும். யானையின் தந்தமும் மேல்வரிசை வெட்டுப்பல்தான். அதனால் அந்தச் சந்தேகத்துக்கு நல்ல அடிப்படை இருக்கிறது. இருந்தாலும் வலுவான சந்தேகமும் முடிந்த தீர்ப்பும் ஒன்றாகிவிடாது.

சரி, இதைத் தெரிந்துகொண்டபின் இன்னொரு பக்கம் சறுக்குவதும் நடக்கிறது. தந்தமில்லாத யானை எங்கே தென்பட்டாலும் வேட்டைதான் காரணம் என்று முடிவுகட்டிவிடுகிறோம். தென்னாப்பிரிக்காவின் அடோ யானைப் பூங்காவைப் பாருங்கள். அங்கே ஏறக்குறைய எல்லாப் பெண் யானைகளுக்கும் தந்தம் இல்லை. கொரொங்கோசாவைவிடப் பல மடங்கு துலக்கமான மாற்றம். ஆனால் அங்கே நடந்தது தந்த வேட்டை இல்லை. விளைநிலங்களைக் காப்பதற்காக 1919-20இல் நூற்றுக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டுத் தள்ளினார்கள். 1931இல் பூங்கா அமைந்தபோது மிஞ்சியிருந்தவை 11. அந்தச் சின்னஞ்சிறு கூட்டத்தில் தந்தமில்லாப் பெண்கள் தற்செயலாக அதிகம் இருந்துவிட்டன. அவற்றின் வழித்தோன்றல்கள்தான் இன்று நாம் பார்ப்பவை. விளைவு ஒன்று, காரணம் வேறு. கொரொங்கோசா ஆய்வாளர்களுக்கு இந்த ஆபத்து தெரிந்திருந்தது. வெறும் தற்செயலால் இவ்வளவு மாற்றம் வருமா என்று கணினியில் பலமுறை ஓட்டிப் பார்த்து, வர வாய்ப்பு மிகமிகக் குறைவு என்று தெரிந்த பிறகுதான் வேட்டை மேல் பழியைப் போட்டார்கள். ஒரு பரிணாம ஆய்வு நம்பத்தகுந்ததா என்று பார்க்க எளிய வழி, தற்செயலை அது எப்படிக் கழித்தது என்று தேடுவதுதான்.

கண்ணுக்குத் தெரியும் மாற்றமெல்லாம் பரிணாமம் ஆகிவிடாது. இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு அருகே வைத்தம் காட்டில் கிரேட் டிட் பறவைகளைப் பல பத்தாண்டுகளாகக் கவனித்துவருகிறார்கள். 1960களோடு ஒப்பிட்டால் அவை இப்போது சுமார் இரண்டு வாரம் முன்னதாகவே முட்டையிடுகின்றன. வசந்தம் சீக்கிரம் சூடாகிவிடுகிறது, குஞ்சுகளுக்கான கம்பளிப்புழுக்களும் சீக்கிரம் வருகின்றன. இதைக் கேட்டதும் மரபணு மாறிவிட்டது என்று தோன்றும். 2008இல் வெளியான ஆய்வு காட்டியது வேறு: ஒரே பறவை, சூடான ஆண்டில் முன்னதாகவும் குளிரான ஆண்டில் பின்னதாகவும் முட்டையிடுகிறது. ஒவ்வொரு பறவைக்குள்ளும் ஏற்கெனவே இருக்கும் அந்த நெகிழ்வே பெரும்பாலான மாற்றத்துக்குப் போதுமானது. இந்த வேறுபாடு முக்கியம். நெகிழ்வுக்கு ஓர் எல்லை உண்டு, வெப்பம் அதைத் தாண்டிவிட்டால் கைகொடுக்காது.

கரீபியக் கடலின் டர்க்ஸ் கைக்கோஸ் தீவுகளில் வாழும் சிறிய அனோல் பல்லிகளின் கதை இதே கேள்வியை அழகாகக் கையாண்டது. 2017இல் காலின் டோனிஹ்யூவும் சக ஆய்வாளர்களும் அங்கே பல்லிகளை அளந்துவிட்டு வந்தார்கள். அந்த செப்டம்பரிலேயே இர்மா, மரியா என்று இரண்டு சூறாவளிகள் அடுத்தடுத்துத் தாக்கின. திரும்பப் போய் அளந்தபோது, பிழைத்திருந்த பல்லிகளின் விரலடியில் உள்ள ஒட்டும் திண்டு சராசரியாகப் பெரிதாகவும், முன்னங்கால் நீளமாகவும், பின்னந்தொடை குட்டையாகவும் இருந்தன. இலை ஊதும் இயந்திரத்தால் காற்றடித்து, பல்லி குச்சியை எப்படிப் பற்றுகிறது என்றுகூடப் பார்த்தார்கள் (கீழே வலை விரித்துத்தான், எதற்கும் அடிபடவில்லை). 2018இல் இது ‘நேச்சர்’ இதழில் வந்தவுடன் சூறாவளி பல்லிகளைப் பரிணமிக்க வைத்துவிட்டது என்று செய்திகள் ஓடின. அந்த நேரத்தில் கையில் இருந்த சான்று, பிழைத்தவை எவை என்பது மட்டும்தான். அந்த அம்சம் குஞ்சுகளுக்குப் போனதா என்று தெரியாமல் பரிணாமம் என்று சொல்ல முடியாது. அடுத்த தலைமுறையிலும் பெரிய திண்டு நீடித்ததை 2020இல் வெளியான தொடர் ஆய்வு காட்டியது; சூறாவளி அதிகம் தாக்கிய தீவுகளில் பல்லிகளின் திண்டுகள் பெரிதாக இருப்பதையும் அது காட்டியது. முதல் செய்தியோடு நின்றுவிட்டவர்களுக்கு இந்த இரண்டாம் பாகம் தெரியாமலே போய்விட்டது.

பரிணாமம் ஒரே திசையில் போகும் என்ற எண்ணமும் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அதை உடைக்க கலாபகஸ் தீவுக்கூட்டத்தின் டாப்னே மேஜரைவிட நல்ல இடம் கிடையாது. பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதி 1973 முதல் அந்தச் சிறு தீவின் ஃபின்ச் பறவைகளைப் பிடித்து, அளந்து, காலில் வளையமிட்டு, குஞ்சு குஞ்சாகப் பின்தொடர்ந்தார்கள். 1977இல் மழை பொய்த்தது. சிறு விதைகள் தீர்ந்தன. மிஞ்சியது நம் ஊர் நெருஞ்சியின் பேரினத்தைச் சேர்ந்த ஒரு செடியின் கடினமான முள்காய்கள். அதை உடைக்கத் தடித்த அலகு வேண்டும். நடுத்தர நிலஃபின்ச் பறவைகளில் சுமார் 85 சதவீதம் செத்துப்போக, பிழைத்தவற்றின் குஞ்சுகளுக்கு அலகு தடித்தது. ஒரு மில்லிமீட்டர்கூட வராத வித்தியாசம்தான்.

பெரும்பாலான பாடப்புத்தகங்கள் இத்தோடு நிறுத்திவிடும். தீவில் கதை நிற்கவில்லை. 1982-83இல் பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ நிகழ்வு கொட்டித் தீர்த்த மழையில் சிறு விதைகள் பெருகின. அடுத்து வந்த வறட்சியில் சிற்றலகுப் பறவைகளின் கை ஓங்கியது, சராசரி அலகு திரும்பச் சிறுத்தது. அப்புறம் 2004-05இல் மறுபடியும் கடும் வறட்சி. 1977ஐ மட்டும் படித்தவர், அலகு தடிக்கும் என்று சத்தியம் செய்திருப்பார். நடந்தது எதிர்மாறு. 1982இல் பெரிய நிலஃபின்ச் என்ற இன்னோர் இனம் தீவில் குடியேறி, இதற்குள் பெருகியிருந்தது. பெரிய விதைகளை அது தின்று தீர்த்துவிட, தடித்த அலகுடைய நடுத்தர ஃபின்ச்கள் பட்டினியால் மடிந்தன. வறட்சி அதேதான், பக்கத்தில் இருந்த போட்டியாளர்தான் புதிது. சூழலியலை விட்டுவிட்டுப் பரிணாமத்தைத் தனியாகப் படிக்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. ஓர் ஆண்டு அளந்து எழுதிய ஆய்வை வைத்து, இனி இந்த உயிரினம் இப்படித்தான் ஆகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இதிலிருந்து பிறக்கும் இன்னொரு தவறான நம்பிக்கை, பருவநிலை மாற்றத்தையும் உயிரினங்கள் பரிணமித்துச் சமாளித்துவிடும் என்பது. ஃபின்ச் ஓராண்டு வயதிலேயே இனப்பெருக்கம் செய்யக்கூடியது. யானையின் கர்ப்பகாலமே 22 மாதம். முதல் குட்டி ஈனப் பத்துப் பன்னிரண்டு வயதாவது ஆகவேண்டும். தலைமுறை நீளமாக ஆக, மரணங்களைத் தாங்கிக்கொண்டு மாறுவதற்கான அவகாசம் குறைகிறது.

கடைசியாக, நம் காடுகளுக்கு வருவோம். கொரொங்கோசா செய்தியைப் படித்துவிட்டு நம் மக்னா யானைகளையும் அதே கணக்கில் சேர்க்கிறவர்கள் உண்டு. ஆப்பிரிக்க யானையில் ஆண், பெண் இரண்டுக்கும் தந்தம் வளரும். ஆசிய யானையில் ஆணுக்கு மட்டுமே நீண்ட தந்தம், பெண்ணுக்கு வெளியே தெரியாத அளவில் சிறு பல் இருந்தால் உண்டு. மக்னா என்பது தந்தமில்லாத ஆண். அது திடகாத்திரமாக வளர்ந்து, தந்தமுள்ள ஆணான கொம்பனோடு மோதவும் செய்கிறது. ஆகவே ஆணைக் கருவிலேயே கொல்லும் கொரொங்கோசா மரபணுக் கதை இங்கே பொருந்தவே பொருந்தாது. இலங்கையில் ஆண் யானைகளில் மிகப் பெரும்பாலானவை தந்தமில்லாதவை, தென்னிந்தியாவில் கொம்பன்களே அதிகம்.

தந்த வேட்டை நம் பக்கம் விட்டுச்சென்ற காயமும் வேறு மாதிரியானது. பெண்ணுக்குத் தந்தம் இல்லாததால் வேட்டைக்காரர்கள் ஆண்களை மட்டும் குறிவைத்தார்கள். பெரியாறு காட்டில் வளர்ந்த ஓர் ஆணுக்கு நூறு பெண்கள் என்ற அளவுக்கு 1990களில் நிலைமை போனது. இந்தியாவில் இன்று இயற்கைக்கு மாறான யானை மரணங்களில் மின்சாரம் தாக்கி இறப்பதுதான் முதலிடத்தில் இருக்கிறது. ரயில் மோதி இறப்பவையும் உண்டு. கோவை மதுக்கரைப் பக்கம் இருப்பவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். திருட்டு மின்வேலி மக்னாவையும் கொம்பனையும் பிரித்துப் பார்ப்பதில்லை. மக்னாக்கள் பெருகுகின்றன என்று நாளை ஒரு செய்தி வந்தால், எந்தக் காடு, எத்தனை ஆண் யானைகளை எண்ணினார்கள், இருபது ஆண்டுகளுக்கு முன் அதே காட்டில் எண்ணிக்கை என்ன, இடையில் எவை எப்படிச் செத்தன என்று கேட்டுவிட்டுப் பகிருங்கள்.