இலையுதிர் காலத்தில் பேய்ப்படம்: டர்பன் வீடுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பேய்ப்படப் பட்டியல்கள் எல்லாம் அக்டோபரில்தான் வந்து குவிகின்றன. பூமியின் வடபாதியில் அப்போது இலையுதிர் காலம், தென்னாப்பிரிக்காவில் இருக்கும் நமக்கோ வசந்தம். ஹாலோவீன் என்னும் பேய்த் திருநாளான அக்டோபர் 31 அன்று டர்பனில் சூரியன் மறையவே ஆறேகால் மணி ஆகிவிடும். நம்முடைய இலையுதிர் காலம் மார்ச் முதல் மே வரை. மார்ச் தொடக்கத்தில் ஆறரை மணி வாக்கில் மறைகிற சூரியன், மே கடைசியில் ஐந்து மணி தாண்டியதுமே போய்விடும். இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே ஒரு முழுப் படத்தை நல்ல இருட்டில் பார்த்து முடிக்கலாம். ஈஸ்டர் வெள்ளி முதல் திங்கள் வரை நாலு நாள், ஏப்ரல் 27, மே 1 என்று விடுமுறைகளும் இதே சமயத்தில்தான். இதை விட்டுவிட்டு அக்டோபருக்காகக் காத்திருப்பது முதல் தவறு.

அடுத்தது, டிவியில் படம் மங்கலாகத் தெரிகிறது என்று பிரைட்னஸை ஏற்றுவது. பேய்ப்படத்தில் மூலையில் நிற்கும் உருவம் பாதி தெரிந்தும் பாதி தெரியாமலும் இருக்க வேண்டும். பல டிவிகளில் பிரைட்னஸ் என்பது திரையின் வெளிச்சம் அல்ல, கருப்பின் அளவு. அதை ஏற்றினால் இருட்டு முழுவதும் சாம்பல் பூசியது போல ஆகிவிடும், உருவமும் பளிச்சென்று தெரிந்துவிடும். ஏற்ற வேண்டியது பேக்லைட்டை, அதாவது திரைக்குப் பின்னிருந்து வரும் வெளிச்சத்தை. சில கம்பெனிகள் பேக்லைட்டுக்கே பிரைட்னஸ் என்று பெயர் வைத்திருப்பதால் ஒரு சோதனை செய்து பாருங்கள். அகலத்திரைப் படம் ஒன்றை நிறுத்தி வைத்து, மேலும் கீழும் உள்ள கருப்புப் பட்டைகளைக் கவனியுங்கள். நீங்கள் மாற்றுகிற அளவு கருப்பைத் தொடுகிறது என்றால் பட்டைகள் வெளிறத் தொடங்கும். வெளிறத் தொடங்குகிற இடத்திலிருந்து ஒரு புள்ளி குறைத்து விட்டுவிடுங்கள். அப்போதும் நிழலுக்குள் ஒன்றும் தெரியவில்லை என்றால் காமா என்ற அமைப்பை (கருப்புக்கும் வெள்ளைக்கும் நடுவிலுள்ள வெளிச்சத்தின் அளவு) 2.4-லிருந்து 2.2-க்கு மாற்றுங்கள். கருப்பு கருப்பாகவே இருக்க, நிழலின் உள்விவரம் மட்டும் சற்றுத் தெளியும்.

டிவியின் மின்சேமிப்பு அமைப்பையும் அணைத்து வையுங்கள். அறை இருட்டானதும் திரை தானாக மங்குவது அதனால்தான். கூடவே அசைவை வழவழப்பாக்கும் அமைப்பையும் நிறுத்த வேண்டும். எல்ஜியில் ட்ரூமோஷன், சாம்சங்கில் ஆட்டோ மோஷன் பிளஸ் அல்லது பிக்சர் கிளாரிட்டி, சோனியில் மோஷன்ஃப்ளோ என்று அதற்குப் பெயர். படம் நொடிக்கு 24 சட்டங்களில் (ஃபிரேம்களில்) எடுக்கப்பட்டது. டிவி நடுவில் தானாகச் சட்டங்களைச் சேர்த்தால் பேய் வருகிற காட்சியும் மாலை நேரச் சீரியல் மாதிரி ஆகிவிடும். ஃபிலிம்மேக்கர் மோட் இருக்கிற டிவி என்றால் அந்த ஒன்றைப் போட்டாலே வழவழப்பு போய்விடும்.

இருட்டுக் காட்சியில் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் டிவியைக் குறை சொல்லாதீர்கள். இணைய வேகம் குறையும்போது முதலில் உடைவது நிழல்கள்தான். நெட்ஃபிளிக்ஸ் முழு எச்டிக்கு 5 எம்பிபிஎஸ், 4கேக்கு 15 எம்பிபிஎஸ் கேட்கிறது. மொபைல் டேட்டாவில் பார்ப்பவர்கள் எச்டியில் ஒரு மணி நேரத்துக்கு 3 ஜிபி வரை போகும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒலியில்தான் அதிகமாகக் கெடுக்கிறோம். கிசுகிசுப்பு கேட்கவில்லை என்று சத்தத்தை ஏற்றுகிறோம். அடுத்த நொடி அலறலில் பக்கத்து அறையில் ஆயா எழுந்துவிடுகிறார். அதன்பிறகு கடைசி வரை ரிமோட்டும் கையுமாக உட்கார்ந்திருக்கிறோம். பல ஸ்பீக்கர்களுக்காகப் பிரித்துக் கலக்கப்படும் 5.1 ஒலியில் பேச்சு பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்கென்று கலக்கப்பட்டது. டிவியில் இருப்பதோ இரண்டு சிறு ஸ்பீக்கர்கள், அதனால் பேச்சு அமுங்கிப் போகிறது. ஒலிப் பட்டியலில் 5.1 என்று எழுதாத தடத்தைத் தேர்ந்தெடுத்தால் பல நேரம் சரியாகிவிடும். சவுண்ட்பாரின் (டிவிக்குக் கீழே வைக்கும் நீள ஸ்பீக்கரின்) நைட் மோட் சின்னச் சத்தத்தை உயர்த்திப் பெரிய சத்தத்தை அமுக்கும். வீட்டில் யாராவது தூங்கும்போது மட்டும் அதைப் போடுங்கள். எப்போதும் போட்டு வைத்தால் மௌனத்துக்கும் அலறலுக்கும் உள்ள தூரம் சுருங்கிவிடும், பயமும் அதோடு போய்விடும்.

சப்டைட்டிலில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. ஆங்கிலம் என்று இரண்டு வரிசை இருக்கும். சிசி அல்லது எஸ்டிஎச் என்று குறித்திருப்பது காது கேளாதோருக்கானது. அவர்களுக்கு அது அவசியம். மற்றவர்கள் அதைப் போட்டால், கதவு திறப்பதற்கு முன்பே ‘பின்னால் காலடிச் சத்தம்’ என்று திரையில் எழுத்து வந்துவிடும். முகம் காட்டாத குரலுக்குப் பக்கத்தில் பெயரையும் போட்டுவிடும். தமிழ் படிக்கத் தெரியாத பிள்ளைகளோடு தமிழ்ப் பேய்ப்படம் பார்க்கும்போது சாதாரண ஆங்கில வரிசையைப் போடுங்கள்.

புதுத் தொடர்களுக்கு நேரக் கணக்கு முக்கியம். அமெரிக்கக் கிழக்குக் கரையில் ஞாயிறு இரவு 9 மணிக்கு வருகிற எபிசோட் ஏப்ரல், மே மாதங்களில் நமக்குத் திங்கள் அதிகாலை 3 மணி. நவம்பர் முதல் ஞாயிற்றிலிருந்து அது 4 மணியாகும். அங்கே கடிகாரத்தை மாற்றுவார்கள், இங்கே மாற்றுவதில்லை. நீங்கள் பார்ப்பது திங்கள் இரவு என்றால், பகல் முழுவதும் குடும்ப வாட்ஸ்அப் குழுவைத் திறக்காமல் இருங்கள். நெட்ஃபிளிக்ஸ் புரொஃபைல் அமைப்பில் முன்னோட்டம் தானாக ஓடுவதையும் நிறுத்துங்கள். பைலட் எனப்படும் முதல் எபிசோடை மட்டும் பார்த்துத் தொடரை ஒதுக்கிவிட வேண்டாம். பல தொடர்களில் அது மற்றவற்றுக்குப் பல மாதம் முன்பே எடுக்கப்பட்டது, நடிகர்கள்கூட மாறியிருப்பார்கள். மூன்றாவது வரை பாருங்கள்.

லோட் ஷெட்டிங் எனும் முறைவைத்த மின்வெட்டு 2024 மார்ச்சுக்குப் பிறகு வெகுவாகக் குறைந்தாலும் மின்சாரம் போகாது என்று சொல்ல முடியாது. ரவுட்டரும் ஃபைபர் பெட்டியும் சேர்ந்து 15 வாட் எடுத்தால் 32 வாட்-மணி மினி யுபிஎஸ் (மின்சாரம் போனால் பேட்டரியில் ஓட்டும் பெட்டி) ஏறக்குறைய இரண்டு மணி நேரம் தாங்கும். வாங்கும்போது ரவுட்டர் 12 வோல்ட்டா 9 வோல்ட்டா என்று அதன் அடாப்டரில் பாருங்கள். டிவியைச் சர்ஜ் (திடீர் மின்னழுத்த எழுச்சி) பாதுகாப்புள்ள பிளக்கில் போடுங்கள். மின்சாரம் திரும்புகிற நொடியில்தான் டிவிக்குள் இருக்கும் மின்பலகை எரிகிறது.

பிள்ளைகள் விஷயத்தில் நடக்கும் தவறு, வயது எண்ணைப் படம் தொடங்கிய பிறகு பார்ப்பது. இந்நாட்டுத் தணிக்கையில் 7-9பிஜி, 10-12பிஜி என்றால் அந்த வயதுக் குழந்தைகள் பெரியவர் துணையோடு பார்க்கலாம். 13, 16, 18 என்பவை அந்த வயதுக்குக் கீழே வேண்டாம் என்பவை. பெரியவர்களின் புரொஃபைலுக்கு ரகசிய எண் (PIN) போட்டு, பிள்ளைகளுக்குத் தனி புரொஃபைல் வைத்துவிடுங்கள். இல்லையென்றால் நீங்கள் பாதியில் நிறுத்திய படத்தின் கோர முகம் மறுநாள் காலையில் முதல் வரிசையிலேயே அவர்கள் கண்ணில் படும்.